பேர் சொல்லாத மருந்து

நாட்டு மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பது கஷ்டமில்லை. வந்தவர் கேட்பது எந்த மருந்து என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மயிலாப்பூரில் எங்கள் கடை. வீட்டுக்காரர் சரக்கு வாங்கப் போனால், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான்தான் உட்காருவேன். ஒரு கையால் பிள்ளையைத் தட்டி, மறு கையால் தராசு பிடிக்கும் சகோதரிகளே, உங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாமா பேர்

எதிர்த் தெரு மாமி வந்தார். "எங்காத்து மாமா பேருக்கு முன்னாடி நிலத்தைச் சேர்த்துக்கோ. அதுல ஒரு பிடி குடு" என்றார். மாமாவின் பேர் வேம்பு. கட்டினவர் பேரை வாயால் சொல்லக் கூடாதே! நிலவேம்பை எடுத்துக்கொண்டே, "கஷாயம் யாருக்கு மாமி? பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது" என்று கேட்டு வைத்தேன்.

"அவருக்குத்தாண்டி ஜுரம். அவர் கசப்பை அவரே குடிச்சுப் பார்க்கட்டும்."

முடிச்சில் இருந்தது

அன்று மாலை விளக்கு வைத்த நேரம். துணி வெளுக்கும் பொன்னம்மாவின் மருமகள், இடுப்பில் குழந்தையோடு வந்து விளக்கெண்ணெய் கேட்டாள். தாய் வீட்டில் பிள்ளை பெற்றுத் திரும்பியிருந்தவள். குழந்தை வயிறு உப்பி, அழவும் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது.

"அத்தை துணி குடுக்கப் போயிருக்கு. பேர் சொல்லாதத எண்ணெயில தோச்சு சுட்டு, உரைச்சுத் தொப்புளச் சுத்திப் பூசச் சொல்லிச்சு. ஊட்ல எண்ணெ இல்லக்கா."

பேர் சொல்லாதது என்றால் வசம்பு. விளக்கு வைத்தபின் அந்தப் பேரை யாரும் எடுப்பதில்லை. நானும் எடுக்காமல், "அது இருக்கா?" என்றேன். "கீதுக்கா" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே சேராங்கொட்டை. துணிக்குக் குறி போடும் கொட்டை. அதன் சாறு பட்டால் பெரியவர்கள் தோலே கொப்பளித்துவிடும். சுட்டால் புகைகூட ஆகாது. அதையா அந்தப் பிஞ்சு வயிற்றில் பூசுவது?

"பேரச் சொன்னாலே உடம்பு பொங்கிடுமாம். எங்கம்மா ஊட்ல இத்தத்தான் பேர் சொல்லாததுன்னுவாங்க" என்றாள்.

கொட்டையைக் காகிதத்தால் எடுத்துத் தள்ளி வைத்தேன். "வசம்பு. அத்தை சொன்னது வசம்பு" என்று உரக்கச் சொல்லி, ஒரு துண்டை முகர்ந்து பார்க்கக் கொடுத்தேன். நானே விளக்கில் சுட்டு உரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசிவிட்டேன். "உள்ளுக்குக் கொடுத்துவிடாதே. வாந்தி எடுத்தாலோ, வயிறு இளகாமல் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ" என்றேன்.

மருமகளைத் தேடி வந்த பொன்னம்மா வாசலில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். கொட்டையைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆனாலும் என்னை விடவில்லை.

"இன்னாம்மா நீ, வெளக்கு வெச்ச நேரத்துல பேரச் சொல்லிட்டியே. கொயந்திக்கு எதுனா ஆச்சுன்னா?"

மறுநாள்

அந்த ராத்திரி என் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி கிடந்தேன். சாஸ்திரத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் குழந்தைக்கு ஒன்று ஆகியிருந்தால் நானே என் வாயைத்தான் குற்றம் சொல்லியிருப்பேன். பகல் முழுவதும் அவர்கள் பக்கமிருந்து ஒருவரும் வரவில்லை. யாரையாவது அனுப்பிக் கேட்கவும் பயம்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பொன்னம்மா வந்தாள். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

"வசம்பு குடும்மா. வசம்பு, கேட்டுக்கினியா? கொயந்தி பால் குடிச்சிட்டுத் தூங்கிக்கினு கீது."

இப்போது எங்கள் கடையில் பேர் சொல்லப்படாமல் இருப்பவர் வேம்பு மாமா ஒருவர்தான்.