ஈரம் காயாத தலை

ஈரத்துணியை விலக்கி, வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, களிமண் தலையின் மேல் புஸ்ஸென்று துப்புகிறார் ரும்யானா அக்கா. தெளிப்பான் வாங்கிக் கொடுத்தேன். "அது குளிப்பாட்டும். மூஞ்சி கழுவ இதான் சரி" என்று ஒதுக்கிவிட்டார். பிறகு துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டுவார். கோடையில் பிளோவ்டிவ் நகரத்துச் சிற்பிகள் எல்லாரும் கடற்கரைக்குப் போவார்கள். இவர் மட்டும் போவதில்லை. போனால் தலை காய்ந்துவிடும்.

தலை, அவர் கணவர் லூபெனுடையது. ஒரே மாதத்தில் முடித்து வார்ப்பு எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் அக்கா இரும்புக் கம்பியைச் சுற்றி மண்ணை அப்பியிருந்தார். அதற்குள் சண்டை முற்றி, லூபென் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டார். காய்ந்தால் மண் சுருங்கும், உள்ளே கம்பி சுருங்காது, முகம் பிளந்துவிடும். மேலே சுண்ண அச்சு பூசி வார்ப்பு எடுத்தாலும், அந்த அச்சுக்குள்ளிருந்து மண்ணைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். "அவன் மூஞ்சிய என் கையாலயே பிய்க்கணுமா?" என்பார். ஆகவே இடது காது பாக்கி என்று சொல்லிக்கொண்டே வருடங்களை ஓட்டினார். அந்தக் காதுக்காக லூபெனும் சில ஞாயிறுகளில் வந்து உட்கார்ந்தார்.

மாடியறையில் குடியிருக்கும் நான் கலை வரலாறு படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இதையே தேர்வில் கேட்டிருந்தால் வீடு, உறவு, களிமண் என்று மூன்று பக்கம் எழுதியிருப்பேன். இங்கே அந்த வார்த்தைகள் எதையும் சொல்ல எனக்குத் துணிவு வருவதில்லை.

போன ஞாயிறு முற்றமெல்லாம் குடைமிளகாய் சுடும் வாசனை.

"தலைய ஆட்டாத, லூபென்."

"பேசினா ஆடத்தான் செய்யும்."

"அப்ப பேசாத."

"குடும்பம் நடத்துனப்ப அதைத்தான செஞ்சேன், அம்மணி."

"அதனாலதான் நான் ரெண்டு பேருக்கும் சேத்துக் கத்தினேன்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு லூபென் தன் முழங்காலைப் பார்த்தபடி சொன்னார்: "வர்னாவுக்கே போயிடலாம்னு இருக்கேன். மக கூப்பிடுறா. சாயங்கால ரயில்."

அக்காவின் கை நின்றது. "நல்லது. கடக்காத்து மூட்டுக்கு நல்லது."

"காது முடியலைன்னு சொல்லு. இருக்கேன்."

அக்கா மண் காதை மட்டுமே பார்த்தார். அதன் மடிப்பும் மடலும், மடலில் ஒரு சிறு தழும்பும்கூட அப்படியே வந்திருந்தன.

"முடிஞ்சுது" என்றார். "நீ கெளம்பு. ரயில் போயிடப் போவுது."

லூபென் எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, என்னிடம் மட்டும் தலையசைத்துவிட்டு வெளியேறினார். முற்றத்துக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அக்கா கட்டைவிரலை அந்தக் காதின் மேல் வைத்து, கன்னத்தோடு தட்டையாகும் வரை அழுத்தினார்.