நான் கனடாக்காரி ஆக்கிய தங்கச்சி

பக்கத்து வீட்டு ரீச்சரின் இரும்புக் கேற்றில் ஏழு வெட்டுகள் இருந்தன. நீலப் பெயின்ற் உரிந்து, உள்ளே இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ரீச்சர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர், தனியே இருந்தவர்; மகள் கனடாவில். பகல் இரண்டு மணிக்கு அவர் சோறு போட்டுக்கொண்டிருந்த நேரம், மூன்று மோட்டார் சைக்கிள்களில் ஆறு பெடியள் வாளோடு வந்து இறங்கினார்கள். கேற்றைக் கொத்தி, யன்னல் கண்ணாடிகளை உடைத்து, யாரோ ஒருவனின் பெயரைச் சொல்லி வெளியே வரச்சொல்லிக் கத்தினார்கள். அந்தப் பெயரில் அந்த வீட்டில் யாரும் இருந்ததில்லை. வீடு மாறி வந்துவிட்டார்கள். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் ஒரே மாதிரி மதில், ஒரே மாதிரி கேற். அன்று நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். சத்தம் கேட்டவுடன் கதவைப் பூட்டி, அதற்கு ஒரு கதிரையையும் முட்டுக் கொடுத்தேன். தங்கச்சி வெளியே கிணற்றடியில் நிற்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. நினைவு வந்த பிறகும் நான் கதவைத் திறக்கவில்லை.

அவள் மதில் இடுக்கால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். மோட்டார் சைக்கிள்கள் போய்ச் சத்தம் அடங்கியபின் உள்ளே வந்து, என்னைக் குறை சொல்லாமல், கதிரையை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணை, போகேக்கை அதிலை ஒருத்தன் விழுந்து கிடந்த ரீச்சரின்ரை சைக்கிளை நிமிர்த்தி வைச்சிட்டுப் போறான். ஸ்ராண்டும் போட்டவன்." அவளுக்கு அதுதான் பெரிய விசயமாக இருந்தது. எனக்கோ அவள் அவனை அவ்வளவு கிட்டப் பார்த்ததுதான் பயம். "கண்டதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றேன். ஓம் என்று தலையாட்டினாள். சொல்லத்தான் இல்லை. பத்து நாளில் அதை ராப் பாட்டாக எழுதினாள்.

அப்போது சுன்னாகத்தில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. போனுக்குக் காசு போடும் ரீலோட், போன் கவர், சார்ஜர், அதோடு பாட்டு ஏற்றிக் கொடுப்பது. எல்லோர் கையிலும் போன் இருக்கும் காலத்தில் யார் பாட்டு ஏற்ற வருவார்கள் என்று கேட்பீர்கள். பஸ்காரர் வருவார்கள். ஓடுகிற பஸ்ஸில் இணையம் விட்டு விட்டுத்தான் வரும். பென்ரைவில் ஏற்றிக் கொடுத்தால் நிற்காமல் பாடும். அந்தக் கடையில் இருந்தே நான் யாழ்ப்பாணத்தின் காதைப் படித்தேன். ஒருவர் தனக்குப் பிடித்த ராப் பாடகர் யார் என்று சொன்னால், அவர் எந்த ரோட்டால் வருகிறார் என்று சொல்லிவிடுவேன். காங்கேசன்துறை ரோட்டுப் பஸ்களுக்குச் சென்னை வேண்டும், அதுவும் சினிமாவில் வந்திருக்க வேண்டும். சுன்னாகம் சந்தையிலிருந்து தம்புள்ளைக்கு வெங்காயம் ஏற்றும் லொறிக்காரர், திரும்பி வரும்போது சிங்கள ராப் கேட்டுக்கொண்டு வருவார்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை மற்றவர்கள் காதாலும் கேட்டிருக்க மாட்டார்கள். வடக்குக் கடற்கரைப் பெடியளுக்கு இலண்டனில் மச்சான்மார் இருப்பதால் இலண்டன் தமிழ்ப் பெடியளின் பாட்டு. ரியூசனுக்கு வரும் கொக்குவில் பிள்ளைகளுக்கு அமெரிக்கா. மலேசியப் பாட்டுக்கும் ஆள் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பாட்டு இருக்கிறதா என்று மட்டும் எனக்குத் தெரிந்து ஒருவரும் கேட்டதில்லை. ஒருமுறை நானாக ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். "எங்கடை கதையிலை பாடினால் பகிடி மாதிரிக் கிடக்கு தம்பி" என்று அவர் சிரித்தார்.

தங்கச்சி பாடியது எங்கடை கதையில்தான், நாங்கள் வீட்டில் பேசுகிற பேச்சில். முகம் காட்டாமல், வேறு பெயரில், இணையத்தில் போடுவாள். கீழே வந்து எழுதுகிறவர்கள் ரொறன்ரோ, பாரிஸ், கோலாலம்பூர். மட்டக்களப்பிலிருந்து நிறையப் பேர் எழுதினார்கள். அங்கத்தைப் பெடியளுக்கு எங்கள் பேச்சு பகிடியாக இருக்கவில்லை போலும். சுன்னாகத்திலிருந்தோ கொக்குவிலிலிருந்தோ ஒரு எழுத்துக்கூட வந்ததில்லை. அது அவளுக்குக் கவலை. "கடல் கடந்து கேக்கினம், ஒழுங்கை கடந்து கேக்கினமில்லை" என்று சொல்லுவாள். எனக்கு அதுதான் நிம்மதி. ஊரின் ரசனை எங்களுக்கு ஒரு மதில் போல நின்றது. சைக்கிள் பாட்டு வந்த நாளிலிருந்து நான் தினமும் அந்த எழுத்துக்களைத் திறந்து, யார் எங்கிருந்து எழுதுகிறார்கள் என்று பார்ப்பேன். ஒஸ்லோ என்று கண்டால் மூச்சு வரும். யாழ்ப்பாணம் என்று எப்போது காண்பேனோ என்று அடுத்ததைத் திறப்பேன். அந்தப் பாட்டின் நடுவில் இப்படி வரும்:

கேற்றைக் கொத்தினாய், கண்ணாடி உடைச்சாய்,
விழுந்த சைக்கிளை நிமிர்த்தி ஏன் வைச்சாய்?
கொம்மா பழக்கினது கையிலை கிடக்கு,
வாளைப் பழக்கினது ஆரடா உனக்கு?

பிழை என்னுடையது. அவள் கடைக் கொம்பியூட்டரில்தான் பாட்டுக்களைச் சரிசெய்வாள். கடைக்கு வரும் பெடியள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தாங்களே பாட்டுத் தெரிவு செய்வது வழக்கம். அவர்கள் கண்ணில் படாமல் இருக்க, நான் அந்தப் பாட்டைப் பக்திப் பாடல்கள் இருந்த கோப்புறைக்குள் போட்டு, அதற்குப் 'பிள்ளையார் 2' என்று பெயரும் வைத்தேன். அதை எந்தப் பெடியனும் திறக்கமாட்டான் என்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் எங்கள் பஸ்களில் ஒரு நடைமுறை உண்டு. காலை முதல் ஓட்டத்துக்குச் சாரதி சாமிப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி, பக்திப் பாட்டுத்தான் போடுவார். எட்டு ஒன்பது மணிக்குப் பிறகே மற்றதெல்லாம். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய கிழமை, சாரதிமார் புதுப் பக்திப் பாட்டுக் கேட்டு வரிசையில் நின்றார்கள். வழக்கமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடுகிற நான், அன்று அவசரத்தில் முழுக் கோப்புறையையும் ஒருவருக்குத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். எதிரே காங்கேசன்துறை பஸ் நிற்கிறது. முருகன் பாட்டு முடிந்தது. அதன் பின் பறையடி கேட்டது, அதன் மேல் என் தங்கச்சியின் குரல். பாதி தூக்கிய கதவை விட்டுவிட்டு ஓடினேன். பஸ் வெளிக்கிட்டுவிட்டது. மோட்டார் சைக்கிளில் துரத்தி மல்லாகத்தில் பிடித்து ஏறினேன். திருநீறு பூசிய சனம், மடியில் அர்ச்சனைத் தட்டு வைத்திருந்த ஒரு அம்மா, வெள்ளைச் சட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாளைப் பற்றி இந்த ஊரில் சத்தமாகக் கதைப்பதில்லை. அதை ஒரு பெண்பிள்ளை, அவர்கள் வீட்டில் கதைக்கிற மாதிரியே, ஸ்பீக்கரில் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சாரதியிடம் போய், பிழையான பாட்டு ஒன்று ஏறிவிட்டது, பென்ரைவைத் தாருங்கள் என்று கெஞ்சினேன். "விடு தம்பி, இருக்கட்டும்" என்றார் அவர். "உந்தப் பிள்ளையள் திருப்பிப் போடச் சொல்லிக் கேக்குதுகள்."

பஸ்காரர் ஒருவரின் பென்ரைவை ஒருவர் வாங்கிப் பிரதி எடுப்பார்கள். மூன்று கிழமையில் அந்தப் பாட்டு எல்லா ரோட்டிலும் போனது. கொழும்புத்துறைக் கரையில் வலையிலிருந்து மீன் கழற்றுகிற இடத்தில் யாரோ போனில் போட்டுக் கேட்டதாக ஒருவர் வந்து சொன்னார். தங்கச்சிக்குக் கால் நிலத்தில் படவில்லை. நான் சோறு தின்ன முடியாமல் மெலிந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் எது கேட்டாலும், அது ஒழுங்கையைத் தாண்டிப் போகிறதா, மெல்லமாகிறதா என்று காது தானாகக் கணக்குப் பார்க்கும்.

ஒரு பின்னேரம், மூன்று மணியிருக்கும், கடையில் நான் தனியே இருந்தேன். இருபது வயது மதிக்கக்கூடிய ஒருவன் ஹெல்மெற்றோடு வந்தான். வாசலில் என் ரீலோட் பலகை காற்றுக்குச் சரிந்து கிடந்தது. அவன் போகிற போக்கில், அதைப் பாராமலே, நிமிர்த்தி நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தான். சைக்கிளை நிமிர்த்திய கை இதுதான் என்று யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. ஹெல்மெற்றைக் கழற்றி மேசையில் வைத்தான். நல்ல முகம், அதைத்தான் சொல்லவேண்டும். எங்கள் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் போல இருந்தான்.

"அண்ணை, பஸ்ஸிலை போற சைக்கிள் பாட்டு இருக்கோ?"

இருக்கிறது என்றேன். ஏற்றும்போது பென்ரைவை இரண்டு தரம் பிழையாகச் செருகினேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆர் உது பாடினது?"

"தெரியாது தம்பி. கனடாப் பிள்ளை ஒண்டாம்." அது வாயில் தானாக வந்தது. அவன் தலையாட்டினான். அப்படித்தான் இருக்கும் என்று அவனும் நினைத்திருந்தான். நல்ல ராப் எங்கிருந்தாவது வருகிற சாமான் என்பதில் இந்த ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. தப்பினோம் என்று நினைத்தேன். அவன் போகவில்லை.

"கனடாவிலை இருக்கிறவவுக்குச் சைக்கிள் விசயம் எப்பிடித் தெரியும்?"

நான் திரையையே பார்த்தேன். கோப்பு ஏறும் பச்சைக் கோடு நகரவே மாட்டேன் என்றது. அவனே யோசித்து, அவனே கேட்டான்: "அந்த ரீச்சரின்ரை மகள் கனடா என்ன?"

"ஓம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவன் பென்ரைவை வாங்கிக்கொண்டு, தன் பாட்டில் போய்விட்டான். கோபமா, பெருமையா, அவன் முகத்தில் எதையும் என்னால் படிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில்தான், கோண்டாவிலைத் தாண்டும்போது, நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டினேன். சைக்கிள் விசயத்தைக் கனடாவுக்குச் சொன்னவர் ரீச்சர் என்று அவனை நம்பவைத்தது நான்.

தங்கச்சியிடம் மறைக்க முடியவில்லை. முழுதும் கேட்டாள். "என்னை மறைச்சது சரி அண்ணை. ரீச்சரை ஏன் காட்டிக் குடுத்தனீங்கள்?" என்றாள். போகாதை, போகாதை என்று நான் பின்னால் நின்று மன்றாட, அவள் நேரே பக்கத்து வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தான்தான் பாடியது என்பதையும் சொன்னாள். ரீச்சர் முழுதையும் கேட்டுவிட்டு, "முதல் தரம் வீடு மாறி வந்தவங்கள். இனி வந்தால் விலாசம் சரியா எண்டு கேட்டுத்தான் திறப்பன்" என்று பகிடி விட்டாராம். ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்க, தேத்தண்ணீர் ஊற்றுவதை அவர் பாதியில் நிறுத்தினார் என்பதையும் தங்கச்சி சொன்னாள். அதன் பின் ஒவ்வொரு நாளும் பகல் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட நேரத்தை, நான் எட்டு மாதம் மதிலடியில் நின்று கழித்தேன். கடையைப் பூட்டிவிட்டு வந்து நிற்பேன். வாள்காரர் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அநேகமாக ஓடியிருப்பேன். ஆனாலும் நின்றேன். ஒருவரும் வரவில்லை. அடுத்த வருடம் ரீச்சர் வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் போனார். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவதாகத்தான் சொன்னார். நானும் அதைத்தான் நம்ப விரும்புகிறேன்.

தங்கச்சிக்கு மட்டக்களப்பில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. அங்கே மேடையில் ஏறிப் பாடுகிறாள், முகம் காட்டியே. அங்கத்தைப் பிள்ளைகளுக்கு அவள் பெயர் தெரியும், வீடு தெரியும். இங்கே அவள் கனடாக்காரி. ஊர் கேட்கும் ஒரே ஊர்க்குரல் அவளுடையது. அதை இந்த ஊர் ரொறன்ரோவில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அதை அங்கே அனுப்பி வைத்தவன் நான்.

போன மாதம் விடுமுறைக்கு வந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து கொக்குவிலுக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தோம். சனம் நெருக்கம். அவளுக்கு இருக்கை கிடைத்தது, நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். சைக்கிள் பாட்டு வந்தது. யன்னலோரம் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று, புத்தகப் பையை அணைத்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் கூடவே முணுமுணுத்தது. தங்கச்சி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அதைக் கண்டுவிட்டது.

"அக்காவுக்கும் உந்தப் பாட்டுப் பிடிக்குமோ? உதைப் பாடினவ கனடா. எங்கடை கதை இன்னும் மறக்கேல்லைப் பாருங்கோ. கொக்குவில் ரீச்சர் ஒராளின்ரை மகளாம்."

நான் தங்கச்சியின் தோளை அழுத்தினேன். அவள் என் கையை எடுத்து விட்டாள்.

"இல்லைப் பிள்ளை. ரீச்சரின்ரை மகளுக்கும் உதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. அது நான் பாடினது." மெல்லச் சொல்லவில்லை. வகுப்பில் சொல்லுவது போலச் சொன்னாள்.

அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "போங்கோ அக்கா, சும்மா பகிடி விடாதேங்கோ. இஞ்சை ஆர் உப்பிடிப் பாடுறது?" முன் இருக்கையில் இருந்தவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தங்கச்சி அவர்களுக்குத் தன் குரலில் அடுத்த அடியைச் சொல்லிக் காட்டத் தொடங்கினாள். நான் அதைக் கேட்கவில்லை. பின்னால் நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, யார் கேட்டது, யார் சிரிக்கவில்லை என்று தேடிக்கொண்டிருந்தேன்.