யானையைத் தொட்ட விவகாரம்

ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் செஸ் போட்டிகளுக்கு நடுவர். இரண்டும் ஒரே வேலைதான். அடுத்தவர் செய்ததைச் சரி, தவறு என்று சொல்லி நாலு பேரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வது.

என் கணவர் திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காக இங்கே வந்து, ஷிப்ட் பஸ்ஸில் போனில் ஆடியே செஸ் பழகியவர். சர்வதேச ரேட்டிங் பட்டியலில் ஒருமுறையாவது பெயர் வர வேண்டும் என்பது அவர் ஆசை. பெரிய பட்டமெல்லாம் வாங்கும் வயது தாண்டிவிட்டது என்று அவருக்கே தெரியும்.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரேட்டிங் போட்டி நடந்தது. நான் உதவி நடுவர். கணவர் ஆடுகிறார், என்னை எடுக்காதீர்கள் என்று தலைமை நடுவரிடம் முன்பே சொன்னேன். "ஆளே இல்லம்மா, பாத்துக்கலாம் வாங்க" என்றார்.

கடைசிச் சுற்று. டிரா செய்தாலே கணவருக்கு ரேட்டிங் கிடைத்துவிடும். எதிரே ஒரு கல்லூரி மாணவர். கட்டத்தின் ஓரத்தில் கோணலாக நின்ற தன் யானையை, "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட்டு, என் கணவர் நேராக வைத்தார். அப்படிச் சொல்லிவிட்டால் காயைத் தொடலாம். சொல்லாமல் தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். யானையை நகர்த்தினால் ராஜா மாட்டிக்கொள்வார். மாணவர் கடிகாரத்தை நிறுத்திக் கையைத் தூக்கினார். என் கணவர் அப்படிச் சொல்லவே இல்லை என்றார்.

பக்கத்து மேஜையருகே நின்றிருந்த என் காதில் அந்தச் சொல் தெளிவாக விழுந்திருந்தது. ஆனாலும், "இவர் என் வீட்டுக்காரர், நான் தீர்ப்பு சொல்லக் கூடாது" என்று சொல்லி விலகினேன். தலைமை நடுவர் வந்தார். "கரெக்ட் மேடம், அதான் முறை" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். மறைமலை நகரில் அவர் நடத்தும் அகாடமியில்தான் அந்த மாணவர் படிக்கிறார். அது மண்டபத்துக்கே தெரியும். அவர் மட்டும் விலகவில்லை.

யானையை நகர்த்தியே ஆக வேண்டும் என்று தீர்ப்பானது.

"சார், அவர் சொன்னதை நான் கேட்டேன்" என்றேன்.

"நீங்கதான் வெலகிட்டீங்களே மேடம், அப்புறம் இன்னா சாட்சி?"

அப்பீல் குழுத் தலைவர், தலைமை நடுவரின் அகாடமியில் பங்குதாரர். அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை. கணவர் யானையை நகர்த்தித் தோற்றார், ரேட்டிங்கும் போனது. ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது கணவர், "நான் சொன்னத நீ கேட்டேல்லா? அது போதும்" என்றார். எனக்குத்தான் போதவில்லை.

தனக்குச் சம்பந்தமுள்ள ஆட்டத்தில் தானே தீர்ப்பு சொல்லக் கூடாது என்று உலக செஸ் அமைப்பின் நெறிமுறையிலேயே இருக்கிறது. அதைக் காட்டி அவர்களுடைய நெறிமுறைக் குழுவுக்கே மெயில் அனுப்பினேன். முதலில் உங்கள் நாட்டில் விசாரிக்கட்டும் என்று பதில் வந்தது. நாட்டு அமைப்பு மாநிலத்துக்குத் தள்ளியது, மாநிலம் மாவட்டத்துக்கு. சில வாரங்கள் கழித்து மாவட்ட செஸ் சங்கச் செயலாளர் போன் செய்தார். செயலாளர் வேறு யாருமில்லை, அதே தலைமை நடுவர்தான். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"உங்க கம்ப்ளெய்ன்ட் வந்துகீதும்மா. என்னையே விசாரிக்கச் சொல்லி எனக்கே அனுப்பிட்டாங்க" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குரலில் கோபமே இல்லை அவருக்கு. "இத்த வாபஸ் வாங்கிக்குங்க. அடுத்த டோர்னமென்ட்டுக்கு நீங்கதான் சீஃப். வூட்டுக்காரரையும் ஆடச் சொல்லுங்க. ரேட்டிங் தானா வரும். யாரு கேக்கப் போறா?"

திரும்பிப் பார்த்தேன். ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்த கணவர் அப்படியே நிமிர்ந்திருந்தார். தோற்ற நாளிலிருந்து நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அவர் முகத்தில். சரின்னு சொல்லு என்று கையால் சைகை காட்டினார்.

"அவர் ஆடுற போட்டிக்கு இனி நான் நடுவரா வர்றதா இல்ல சார். கம்ப்ளெய்ன்ட் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கணவர் சப்பாத்தியைத் தொடவில்லை. ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். யானையை நகர்த்தித் தோற்ற அன்றுகூட அவர் என்மேல் கோபப்படவில்லை.