சிவப்புச் சட்டை போட்ட நாய்

அமெரிக்கச் சட்டப்படி நான் ஒரு கடைக்குள் நாயோடு நுழையும்போது, வாசலில் நிற்பவர் என்னிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்கலாம். ஒன்று, உடற்குறை காரணமாக இந்த நாய் உங்களுக்குத் தேவைப்படுகிறதா? இரண்டு, என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது? என்ன குறை என்று கேட்கக் கூடாது, சான்றிதழ் கேட்கக் கூடாது, செய்துகாட்டச் சொல்லக் கூடாது. சொன்னால் நம்ப வேண்டும். முதல் முறை ஒரு பெண் இரண்டாவது கேள்வியை வேகமாகக் கேட்டபோது, என்னைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்து "சாஃப்ட்வேர் டெஸ்டிங்" என்றேன். "கெட்டிக்கார நாய்" என்று சொல்லி உள்ளே விட்டாள். கேலி செய்தாளா, நம்பிவிட்டாளா என்று இன்றுவரை தெரியாது.

ஹேசல் கறுப்பு லாப்ரடார். எனக்கு முதலில் இரவுப் பார்வை போனது, அடுத்து ஓரங்கள். மேற்படிப்புக்காக ஹூஸ்டன் வந்த பிறகு நடுவில் மிச்சமிருந்ததும் மங்கிவிட்டது. வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளி ஒன்று ஹேசலைத் தந்தது. என் இடப்பக்கம் நடப்பாள்; அவள் முதுகுப் பட்டையின் கைப்பிடி என் இடது கையில் இருக்கும். படி வந்தால் நிற்பாள். நான் போகச் சொன்னாலும் வண்டி வந்தால் நகர மாட்டாள். அலுவலகம், வங்கி, மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போனேன்.

ஊரில் என் வலது கை அம்மாவிடம் இருந்தது. தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து துறைமுகச் சாலையைக் கடக்கும்போது, கன்டெய்னர் லாரி இரைச்சலுக்கு நடுவே மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். பார்க்கிறவர்களும் இரக்கப்பட்டு மறு கையைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கே போகவேண்டும் என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. ஊனச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் நின்றபோது மட்டும் கேள்வி வந்தது. "செல்போன் பாக்கத் தெரியுதுல்லா? பொறவு என்ன?" என்றார் ஊழியர். "பொய் சொல்லி வாங்கிட்டுப் போறவன்தாம்மா ஜாஸ்தி. அவரு யார நம்புவாரு?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். அம்மா என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

இங்கே சனிக்கிழமைதோறும் இந்திய மளிகைக் கடைக்கு என்னைக் காரில் கூட்டிப்போகிறவர் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாயர்புரத்து அண்ணாச்சி. மகன் வேறு மாநிலத்துக்குப் படிக்கப் போனபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டதென்று டைகர் என்ற பெரிய நாயை வாங்கினார். அதைத் தனியே விட்டுவிட்டு வெளியே வர அவருக்கு மனம் வராது. ஒருநாள் காரில் ஏறியதும், "டைகருக்கும் சட்ட வாங்கிட்டேம்ளா, செவப்பு. சர்வீஸ் டாக்னு எழுதிருக்கு, ஹேசல் மாதிரி இவனையும் கடைக்குள்ள விட்டுருவான். ஆன்லைன்ல கெடைக்கு" என்றார்.

"அது என்ன வேலை செய்யும் அண்ணாச்சி?"

"நல்லா திங்கும்."

அவர் மனைவி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இது தப்பு என்றேன்.

"ஊர்ல சொந்தக்காரன் கல்யாணத்துக்குப் போவ, காய்ச்சல்னு டாக்டர்ட்ட சர்டிபிகேட் வாங்குறதில்லையா? அது மாதிரிதான். யாருக்கு நட்டம்?"

அடுத்த சனிக்கிழமையே அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் டைகர் ஹேசலின் கழுத்தைக் கவ்வியது. நான் கேட்டது உறுமல், அண்ணாச்சியின் "ஏலே, விடுலே", பிறகு ஹேசலின் சிறிய முனகல். சண்டை போடக் கூடாது என்று பழக்கப்பட்டவள் அவள். கடைசிவரை என் இடப்பக்கத்தைவிட்டு நகரவில்லை.

காயம் ஆறியது. ஆனால் தெருவில் வேறு நாயின் சங்கிலிச் சத்தம் கேட்டாலே உட்கார்ந்துவிடுவாள். ஒருமுறை சாலை நடுவே உட்கார்ந்தாள்; லாரி பிரேக் போட்டு நின்றது. பள்ளியிலிருந்து வந்த பயிற்சியாளர் சில நாள் எங்களோடு நடந்து பார்த்துவிட்டு, இனி இவளை வேலைக்கு வைக்க முடியாது என்றார். அடுத்த நாய்க்குப் பெயர் பதிந்து காத்திருக்க வேண்டும். ஹேசல் என்னோடு இருக்கலாம், வெறும் வளர்ப்பு நாயாக. அந்த மளிகைக் கடையிலோ இப்போது எந்த நாயையும் விடுவதில்லை. சட்டப்படி அது தவறென்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே போய்ச் சட்டம் பேச என்னிடம் நாய் இல்லை.

அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்து ஹேசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுதார் என்று மூச்சிலிருந்து தெரிந்தது. டைகரை வெளியே கொண்டுபோவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "அந்தப் பட்டயக் கழட்டாதளா. போட்டுக் கூட்டிட்டுப் போ. நீ சொன்னா யாரு இல்லன்னு சொல்லப் போறா?" என்றார். எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். அவர் போனபின் பட்டையைக் கழற்றிக் கதவருகே மாட்டினேன். ஹேசல் அதன் கீழே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அங்கன எதுக்குக் கெடந்து சீரழியுத? வந்துரு. நா கையப் புடிச்சிக்கிடுதேன்" என்றாள். ஹேசலையும் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன். "நாயையா? பஸ்ல ஏத்துவானா, கோயில்லதான் விடுவானா?" என்றவள், சற்றுப் பொறுத்து, "நா இருக்கும்போது ஒனக்கு நாய் எதுக்கு?" என்றாள்.

இப்போது வெள்ளைக்கோலோடு அலுவலகம் போகிறேன். கோல் வலது கையில். அம்மா பிடித்த மணிக்கட்டை அந்தக் கை இன்னும் விறைப்பாகவே வைத்துக்கொள்கிறது, யாரோ இழுக்கப்போவதுபோல. இடது கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் சாலையோரம் வந்தால் அதன் விரல்கள் தாமாக மடங்கி, இல்லாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஹேசல் சொல்வதற்காகக் காத்து நிற்கின்றன.