வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போன சனிக்கிழமை

வீட்டு செட்டில் பாட்டு தெளிவாக இல்லை, ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் போட்டால் சரியாகிவிடும் என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எண்பதுகளில் ஒரு சனிக்கிழமை, இருவரும் வேலை முடிந்த களைப்போடு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரர் ஒரே பாட்டை இரண்டு பழைய ஆம்ப்ளிஃபயர்களில் போட்டுக் காட்டினார். மலிவானதில் இரைச்சல் பாட்டையே மூடியது.

"ரெண்டும் ஒண்ணுதான் லா. இதே போதும்," என்றார் இவர்.

கடைக்காரர் பாட்டை நிறுத்தினார். இவருக்குப் பின்னால் போய் நின்று, "அங்கிள், டீ குடிக்கிறீங்களா?" என்றார். இவர் திரும்பவே இல்லை.

"இப்ப எதுவும் வாங்க வேணாம் அக்கா. முதல்ல காது டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றார் என்னிடம்.

வெளியே வந்து, "காது கேக்கலையா?" என்று இவர் காதருகே கேட்டேன்.

"ஃபேக்டரி மெஷின் சத்தத்துல போச்சு. தெரிஞ்சா வேலையை விட்டு எடுத்துடுவான். நல்ல செட்டா இருந்தா பாட்டாவது கேக்கும்னு நெனச்சேன்," என்றார்.

கூப்பிட்டால் பதில் சொல்லாத மனிதர் என்று எத்தனை வருடம் மனம் கசந்திருக்கிறேன்! அன்று பஸ்ஸில், ஓரளவு கேட்கும் இடது காதுப் பக்கம் உட்கார்ந்து, எங்கள் ஊரான கிள்ளான் வரும்வரை அவரிடம் எதையாவது பேசிக்கொண்டே வந்தேன்.