வழிந்தால்தான் ஃபுல்

எங்கள் பக்கத்தில் ஃபுல் டேங்க் என்றால் டேங்க் நிறைவது மட்டும் இல்லை. நிறைந்து, கழுத்தைத் தாண்டி, வண்டியின் பக்கவாட்டில் ஒரு கோடாக இறங்கி, தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிய வேண்டும். அந்த ஈரத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டிக்காரர் மூடியைப் போடச் சொல்வார். வேலப்பன்சாவடியில், நூம்பலுக்குத் திரும்புகிற முனையில் இருக்கிற பெட்ரோல் பங்க்கில் 1988 வரை இதுதான் சட்டம். அன்றைக்கும் இன்றைக்கும் எதிரே பஞ்சர் கடை என்னுடையது. பஞ்சர் ஒட்டுகிறவனுக்குக் கையில்தான் வேலை, கண்ணும் காதும் சும்மாதான் இருக்கும். அதனால் அங்கே நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். நடக்காததும் கொஞ்சம் தெரியும்.

வேதமுத்து அந்த பங்க்கில் பெட்ரோல் போடுகிறவன். முப்பது வயசு. காக்கிச் சட்டை, காக்கி பேண்ட், ரப்பர் செருப்பு. குடி இல்லை, பீடி இல்லை, கடன் இல்லை. அவனைப் பற்றிப் பேச ஒன்றுமே கிடைக்காமல் மூன்று வருஷம் நான் பட்ட கஷ்டம் எனக்குத்தான் தெரியும்.

வழிய வைப்பதில் மற்ற எல்லாரையும் விடக் கறாரானவர் பூந்தமல்லி உஸ்மான் கனி. சொந்தமாக ஒரு அம்பாசடர் டாக்ஸி வைத்திருந்தார். டேங்க் நிறைகிற நேரத்தில் டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றி வண்டியைக் குலுக்குவார். உள்ளே இருக்கிற காற்று வெளியே போய் இன்னும் ஒரு கை பெட்ரோல் பிடிக்குமாம். பிறகு, "ஊத்து நைனா, வழியட்டும். வழிஞ்சாத்தான் பரக்கத்து" என்பார். பரக்கத்து என்றால் ஆண்டவன் கொடுக்கிற பெருக்கம். வழிந்தால்தான் அது வரும் என்று எந்தப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொன்னதாகத் தெரியவில்லை. அவராகவே கண்டுபிடித்தது. திருமழிசை எஸ்டேட்டிலிருந்து வருகிற வேலுசாமி என்கிற கம்பெனி டிரைவர் இதையே பொங்கல் பானையோடு ஒப்பிடுவார். மொத்தத்தில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் கீழே நாலு சொட்டு விழாமல் நகர மாட்டார்கள்.

அந்த நாலு சொட்டு தரைக்கு நேராகப் போவதில்லை. நடுவில் வேதமுத்துவின் வலது கால் இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது ஃபுல் டேங்க் என்றால் அந்தக் கால் என்ன குடித்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் அவன் மனைவி ஹில்டாவுக்கு மூன்றாம் மாசம். முதல் பிள்ளை. சாதம் கொதிக்கிற வாசனை ஆகவில்லை, அது பத்து நாளில் சரியாகிவிட்டது. மீன் ஆகவில்லை, அதுவும் ஒரு மாசத்தில் சரியாகிவிட்டது. பெட்ரோல் மட்டும் சரியாகவில்லை. வேதமுத்து தெருமுனை திரும்பும்போதே இவள் உள்ளே வாந்தி எடுப்பாள். பக்கத்துப் போர்ஷன்காரர்களுக்கு அது மணி மாதிரி ஆகிவிட்டது, அவன் வருகிறான் என்று தெரிந்துகொள்வார்கள். ஒரு வாரம் அவன் வாசலிலேயே படுத்தான். எட்டாம் நாள் ஹில்டாவின் அம்மா ஞானகுமாரி ஆவடி சேக்காட்டிலிருந்து வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"கோவிச்சிக்காதீங்க மாப்ளே. அந்த நாத்தம் போன பொறவு வந்து கூட்டினு போங்க. ஆனா ஏழாம் மாசத்துக்குள்ள வரணும். புருசன் ஊட்லேர்ந்து அழைச்சினு வந்துதான் வளையல் போடணும். எங்க ஊட்லயே குந்தினு கீறவள எங்கேர்ந்து அழைச்சினு வர்றது?"

அந்த அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. வளையல் போடும்போது ஹில்டா தாய் வீட்டிலேயே இருந்தால் பார்க்கிறவர்கள் ஒன்றுதான் சொல்வார்கள்: வாழாவெட்டி. அந்த வார்த்தை நூம்பலில் கிளம்பி சேக்காடு போய்ச் சேர அரை நாள் போதும். நானே மூன்று பேரிடம் அது உண்மை இல்லை என்று சொல்லியிருந்தேன். அந்த மூன்று பேரும் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வேதமுத்து சைக்கிளில் பருத்திப்பட்டு வழியாக சேக்காடு போவான். கேட்டுக்கு மூன்று அடி இந்தப் பக்கம் நிற்க வேண்டும். ஹில்டா உள்ளே இருந்து மோந்து பார்ப்பாள். முதல் வாரம் வேஷ்டி சட்டை மாற்றிக்கொண்டு போனான். முகத்தைப் பார்த்ததும் சிரித்தவள், ஒரு மூச்சு இழுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். இரண்டாம் வாரம் எலுமிச்சம் தோல் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனான். மூன்றாம் வாரம் உடம்பு முழுக்க சாம்பிராணி காட்டிக்கொண்டு போனான்.

"பங்க்ல பூசை வெச்ச மாதிரி கீது" என்றாள் ஹில்டா. "போங்க, அடுத்த வாரம் பாக்கலாம்."

நாலாம் வாரம் ஞானகுமாரியே வெளியே வந்து அவனைச் சுற்றி நடந்து மோந்து பார்த்தாள். தலை, தோள், இடுப்பு என்று இறங்கி, கடைசியில் குனிந்தாள்.

"மாப்ளே, மேல ஒண்ணுமில்ல. காலாண்டதான் அடிக்குது."

செருப்பை வீசிவிட்டுப் புதுசு வாங்கினான். போகவில்லை. குதிகாலில் இருந்த பித்தவெடிப்பு முழுக்க பெட்ரோல் ஊறியிருந்தது. காலைக் கழற்றி வேறு வாங்க முடியாது. என் கடைக்கு வந்து உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அண்ணாத்தே, கழுவுனா போவாது. கால்ல உழாம இருந்தாத்தான் போவும்."

மூன்று வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது.

அன்றிலிருந்து சிந்தாமல் போட ஆரம்பித்தான். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டேங்க் வாயில் காதை வைத்தால் முதலில் குடகுட என்று கேட்கும், நிறைய நிறைய சத்தம் மெலிந்துகொண்டே வரும், கீச்சென்று ஆகிற இடத்தில் கையை விட்டுவிட வேண்டும். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான். பங்க் தரை காய்ந்தது. சண்டையும் அன்றைக்கே ஆரம்பித்தது.

"இன்னாடா இது, தரையில ஈரத்தையே காணோம்? முக்கா டேங்க் போட்டுட்டு ஃபுல்லுன்றியா?" என்றார் வேலுசாமி.

"ஃபுல்லுதாண்ணே. எட்டிப் பாருங்க."

"உள்ள இன்னா லைட்டா போட்டு வெச்சிக்கீறாங்க, எட்டிப் பாக்க? வழிஞ்சாத்தான் ஃபுல்லு."

உஸ்மான் கனி நேராக முதலாளியிடமே போனார். முதலாளி உலகநாதன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷர். அன்றைக்கும் எழுந்திருக்கவில்லை, குரலை மட்டும் அனுப்பினார்.

"வேதமுத்து! அவருக்கு வழியணும்னா வழிய வெச்சிட்டுப் போ. அவரு பெட்ரோலு, அவரு வண்டி, அவரு தரை... இல்ல, தரை என்னுது. பரவால்ல, நான் ஒண்ணும் சொல்லல. நாளைலேர்ந்து வழியலன்னா நீ வேற எடம் பாத்துக்கோ."

வேலையை விட்டால் ஹில்டாவை வைத்துச் சோறு போட முடியாது. வேலையில் இருந்தால் ஹில்டாவே வர மாட்டாள். ஏழாம் மாசம் பிறக்க ஐந்து வாரம் இருந்தது.

மறுநாள் காலை உஸ்மான் கனியின் அம்பாசடர் வந்து நின்றது. வேதமுத்து காதை வைத்துக் கேட்டு, கீச்சென்றதும் நிறுத்தினான். உஸ்மான் கனி டிக்கியைக் குலுக்கிவிட்டு, "ம், ஊத்து" என்றார். வேதமுத்து குழாயை அவர் கையில் கொடுத்தான்.

"நீங்களே ஊத்துங்க பாய்."

"நானா? எதுக்கு?"

"பரக்கத்து உங்களுது. என் கையால உட்டா அதுல பாதி எனக்கு வந்துராதா?"

உஸ்மான் கனி யோசித்தார். யோசித்தபோது முகத்தில் ஒரு பயம் வந்ததை நான் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் எவ்வளவு பரக்கத்து வேதமுத்துவுக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார். குழாயை வாங்கி ஒரே அழுத்து அழுத்தினார். பழக்கம் இல்லாத கை. குபுக்கென்று பொங்கி, வெள்ளைக் கைலி, முழங்கால், தோல் செருப்பு எல்லாம் நனைந்தது. வேதமுத்து அதற்குள் மூன்று அடி பின்னால் போய் நின்றிருந்தான். சேக்காட்டில் கேட்டுக்கு வெளியே நின்று பழகிய அதே மூன்று அடி.

"இதான் ஃபுல்லு!" என்றார் உஸ்மான் கனி, காலை உதறிக்கொண்டே.

வேலுசாமியும் சும்மா இருப்பாரா? அவரும் வாங்கி ஊற்றினார். இரண்டு வாரத்தில் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் அவரவர் காலில் அவரவரே ஊற்றிக்கொண்டார்கள். தரையில் ஈரம் இருந்தது. உலகநாதன் நாற்காலியில் இருந்தே அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

நாலு ஞாயிறு வேதமுத்து சேக்காடு போகவே இல்லை. கால் தெளியட்டும் என்று விட்டுவிட்டான். ஐந்தாம் ஞாயிறுதான் கடைசி. வயிற்றுப்பிள்ளைக்காரியை சைக்கிளில் உட்கார வைக்க முடியாது என்று உஸ்மான் கனியின் காரையே பேசிக்கொண்டு போனான். அங்கே நடந்ததை அவனும் என்னிடம் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஹில்டா என் மனைவி அங்கம்மாவிடம் சொன்னாள். அங்கம்மாவிடம் சொன்னால் என்னிடம் சொன்ன மாதிரிதான், என்ன, நான் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்டுக்கு மூன்று அடியில் நின்றான். ஹில்டா மூச்சு இழுத்தாள். ஒன்றும் இல்லை. இரண்டு அடிக்கு வரச் சொன்னாள், ஒரு அடிக்கு வரச் சொன்னாள்.

"சோப்பு வாசனைதாம்மா அடிக்குது" என்றாள் அம்மாவைத் திரும்பிப் பார்த்து. கண்ணில் தண்ணீர் நின்றதாம்.

பெட்டியோடு கார் பக்கத்தில் போனவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மறுபடியும் வருது!"

வேதமுத்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றான். ஞானகுமாரி அவனை விட்டுவிட்டுக் காரைச் சுற்றினாள், பிறகு காரில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த உஸ்மான் கனியிடம் வந்து குனிந்தாள்.

"இன்னா பாய் இது, பெட்ரோல்லயே குளிச்சிட்டு வந்தியா?"

"நானா? இன்னாம்மா நீ, நான் டிரைவரு. பங்க்ல வேலை செய்றவரு உங்க மருமவன்."

"அவராண்ட நாத்தம் இல்ல, உன்னாண்டதான் கீது. இந்த வண்டில எம்பொண்ணு ஏற மாட்டா."

வேதமுத்து உஸ்மான் கனியைப் பார்த்தான். இவள் இன்றைக்கு ஏறவில்லை என்றால் என்ன ஆகும் என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது போல. உஸ்மான் கனி வெற்றிலையைத் துப்பினார்.

"அடிபம்பு எங்க கீது?"

அரை மணி நேரம் ஆனது. ஞானகுமாரி பம்ப் அடிக்க, உஸ்மான் கனி சீயக்காய்த் தூள் போட்டு முழங்கால் வரைக்கும் தேய்த்தார். டேங்க் மூடிக்குக் கீழே வருஷக்கணக்கில் வழிந்து கறுத்திருந்த கோட்டையும் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தார். பரக்கத்து அத்தனையும் சேக்காட்டுச் சாக்கடையில் போனது. செருப்பு மட்டும் எவ்வளவு கழுவியும் தேறவில்லை. அதைக் கார் மேலே கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். வெறுங்காலோடு கிளட்ச் மிதித்துக்கொண்டு வந்தார் மனுஷர். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கம் யாரோ, "பாய், மேல செருப்பு கீது பாய்!" என்று கத்தினார்களாம்.

"தெரியும் போடா" என்றாராம்.

பின் சீட்டில் ஹில்டா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வழியில் ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. நூம்பலில் கார் வந்து நின்றபோது அவள் தலை வேதமுத்துவின் தோளில் இருந்ததை நானே பார்த்தேன். மறைந்துகொண்டு பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. தெரு முழுக்கத்தான் நின்றிருந்தது.

திங்கட்கிழமை உஸ்மான் கனி புதுச் செருப்போடு பங்க்குக்கு வந்தார். வேதமுத்து வழக்கம் போலக் குழாயை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"நீயே போடு நைனா. கழுத்துக்கு ஒரு விரல் கீழ நிறுத்திடு."

"பரக்கத்து பாய்?"

"உள்ளயே இருக்கட்டும்."

உஸ்மான் கனி விட்டதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக விட்டார்கள். பத்து நாள் கழித்து அதே அம்பாசடரில் ஹில்டாவை முறைப்படி சேக்காட்டுக்கு அழைத்துப் போய் வளையல் போட்டார்கள். பெண் குழந்தை பிறந்தது, ஜெயசீலி என்று பேர் வைத்தார்கள்.

தொண்ணூற்றாறிலோ ஏழிலோ, டேங்க் நிறைந்ததும் டக்கென்று தானாக நிற்கிற குழாய் வந்தது. இப்போது யார் போட்டாலும் சிந்துவதில்லை. ஆனாலும் டக் சத்தம் கேட்டதும் வேதமுத்து மூன்று அடி பின்னால் போய் நிற்பதை இன்னும் விடவில்லை. ஹில்டாவும் விடவில்லை. குமட்டல் எல்லாம் எப்போதோ போய்விட்டது, இருந்தாலும் தினம் சாயங்காலம் வாசலில் நிறுத்தி ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். போன மாசம் அவளுக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்துவிட்டது. அங்கம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, கொஞ்சம் வந்து இவர மோந்து பாருங்களேன்" என்றிருக்கிறாள்.

அங்கம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து என்னை நாலு அடி தள்ளி உட்காரச் சொல்கிறாள். பஞ்சர் சொல்யூஷன் நாத்தமாம்.