மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லக்கூடாத நோய்

ஆரணியில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து நான் பார்க்கும் வேலையை அம்மா "கம்ப்யூட்டர்ல ஆராய்ச்சி" என்று சொல்லி முடித்துவிடுவார். கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் என்ன ஆராய்ச்சி என்பதை விட்டுவிட்டுச் சம்பளத்தைக் கேட்பார்கள். அதற்கு அம்மா "கர்த்தரோட கிருபை" என்பார்.

வேலை இதுதான். கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு மெல்லிய படலம் மாதாமாதம் வளர்ந்து உதிர்கிறது. சில பெண்களுக்கு அதே மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடல்மேலோ வயிற்றின் உட்சுவரிலோ ஒட்டி வளர்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். அறுவை சிகிச்சையில் எடுத்த அந்தத் திசுவைச் செல் செல்லாகப் பிரித்து, எந்தச் செல்லில் எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று ஆய்வகத்தில் அளந்து, எண்களாக அனுப்புவார்கள். நான் நிரல் எழுதி, ஒரே மாதிரி நடந்துகொள்ளும் செல்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து, வீக்கத்தைக் கிளப்புவது எந்தக் கூட்டம், நரம்பு இழைகளைத் தன் பக்கம் இழுப்பது எந்தக் கூட்டம் என்று பார்ப்பேன். சுருக்கமாக, முகம் தெரியாத பெண்களுக்கு ஏன் வலிக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம்.

எனக்கு ஏன் வலிக்கிறது என்று கண்டுபிடிக்க யாரும் சம்பளம் தரவில்லை. அதனால் நானும் அதைத் தேடவில்லை.

வலி பள்ளிக்கூட நாளிலேயே வந்துவிட்டது. வேலைக்கு வந்த பிறகும் மாதத்தில் அந்த நாட்களில் கேமராவை அணைத்துவிட்டு, வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துத் தரையில் சுருண்டபடியே மீட்டிங்கில் பேசுவேன். ஒருமுறை அப்படிப் படுத்துக்கொண்டே, பத்துக்கு எத்தனை என்று நோயாளிகள் சொல்லும் வலிக்கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று அரைமணி நேரம் வாதாடினேன். அதிகம் நம்ப வேண்டாம் என்பது என் கட்சி.

கடைசியில் ஊரிலேயே ஒரு டாக்டரைப் பார்த்தேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்.

"டென்ஷன்தான்மா. கல்யாணம் ஆகி ஒரு கொழந்த பொறந்தா எல்லாம் சரியாப்பூடும்."

"எண்டோமெட்ரியோசிஸா இருக்குமாங்க? ஸ்கேன்ல தெரியாமலும் இருக்கலாம் இல்லீங்களா?"

அவர் பேனாவை மூடிவைத்தார். "நெட்ல படிச்சுட்டு வந்து நீங்களே பேர் வெக்காதீங்க."

"படிக்கலைங்க. அங்க இருக்கறதுல கொஞ்சம் நான் எழுதுனது."

அவர் சிரித்தார். நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்திருக்க வேண்டும். வாயுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, சபையில் ஒருவர் மூலமாகக் களம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சென்னையில் இன்ஜினியர். பெண் பார்க்க வரும் நாளை அவர்கள் குறித்தார்கள். என் உடம்பும் அதே நாளைக் குறித்தது. அன்று காலை அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முப்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர்.

"அவங்க வேலயப் பத்திக் கேட்டா, கேன்சர் ஆராய்ச்சின்னு சொல்லிடும்மா."

"அது வேறப்பா."

"வேறதான், எனக்குத் தெரியாதா. கேன்சர்னா கூடத்துல வெச்சிப் பேசலாம். உன்னுதக் கூடத்துல வெச்சிப் பேச முடியுமா?"

மனிதரைக் கொல்லும் நோய் மரியாதையானது, மாதாமாதம் படுக்கப்போடும் நோய் கூச்சமானது என்பது அன்றுதான் எனக்கு முறையாகப் போதிக்கப்பட்டது. வலிமாத்திரை போட்டுக்கொண்டு, ஆரணிப் பட்டைக் கட்டிக்கொண்டு கீழே போனேன்.

மாப்பிள்ளை, அவர் அம்மா, சந்தவாசல் பள்ளியில் டீச்சராக இருக்கும் அவர் அக்கா, மூன்று பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஜெபத்தோடு ஆரம்பித்தார். களம்பூர் அரிசி மில்களுக்குப் பேர்போன ஊர் என்பதால் அறுவடைக்கும் சேர்த்து ஜெபித்தார். பாதியில் மாத்திரையை மீறிக்கொண்டு வலி கிளம்பியது. சோபாத் தலையணையை இழுத்து வயிற்றோடு அழுத்தி, கண்ணை மூடி, முடிந்தமட்டும் குனிந்தேன். ஆமென் சொல்லி நிமிர்ந்தபோது என் நெற்றியெல்லாம் வேர்வை.

"நல்ல பக்தியான பொண்ணு" என்று அவர் என் அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாம்மா வேல பண்ற?" என்றார்.

"கேன்சர் ஆராய்ச்சிங்க."

"ஐயோ பாவம், புண்ணிய வேல" என்றார் அவர். எல்லோருக்கும் திருப்தி. மாப்பிள்ளைகூடப் போனிலிருந்து ஒருமுறை தலையைத் தூக்கினார்.

அவர் அக்காதான் விடவில்லை. "எந்த கேன்சர்ங்க?" என்றார். அவர் கண் என்மேல் இல்லை, தலையணைமேல் இருந்தது.

பொய் சொல்லக்கூட வயிற்றில் கொஞ்சம் தெம்பு வேண்டும். அன்று இல்லை. "கேன்சர் இல்லீங்க, எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பை சம்பந்தப்பட்டது" என்றேன்.

அப்பா தண்ணீர்ச் சொம்பை எடுத்து நிதானமாகக் குடித்தார். அம்மா முறுக்குத் தட்டை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார். நான் எழுந்து உள்ளே போய்க் கட்டிலில் சுருண்டுகொண்டேன்.

பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு அந்த அக்கா பின்னாலேயே வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"முதுகுக்கும் எறங்குதா?"

"தொடை வரைக்கும்."

"எனக்கும் அதான். கொழந்த இல்லன்னு வேலூருக்கு இட்டுகினு போனாங்க. அங்கதான் கண்டுபிடிச்சாங்க. பதினஞ்சு வருஷமா வலிக்குதுன்னு சொல்லிகினு இருந்தேன், அதுக்கு எங்கயும் இட்டுகினு போகல."

"உங்க அம்மாவுக்குத் தெரியுமாங்க?"

"கட்டின்னு தெரியும். பேர் தெரியாது. இப்ப நீ கூடத்துல சொன்னியே, அத அவங்க மொதல் தடவையா கேக்கறாங்க." கொஞ்சம் சிரித்தார். "உனக்குப் பாத்துட்டாங்களா?"

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னாங்க."

"இதையே ஆராய்ச்சி பண்ற நீ, அதோட உட்டுட்டியா?"

என் கைப்பேசியை வாங்கி, வேலூர் டாக்டரம்மாவின் எண்ணை அவரே அடித்துச் சேமித்துக் கொடுத்தார்.

மறுநாள் களம்பூரிலிருந்து தகவல் வந்தது. பொண்ணு நல்ல பொண்ணுதான், வயித்துல ஏதோ கோளாறு போல இருக்குது, மன்னிச்சுக்கணும். சொந்த மகளுக்கு அதே கோளாறு இருக்கும் வீட்டிலிருந்துதான் அது வந்தது. அம்மா அழுதார். எனக்கு அவமானமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று கணக்கிட எந்த நிரலும் எழுதவில்லை.

வேலூரில் டாக்டரம்மா நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். பரிசோதனைகள் முடிந்து, தொப்புள் பக்கம் சின்னத் துளை போட்டுக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். இருந்தது. மயக்கம் தெளிந்த பிறகு படத்தைக் காட்டினார். இடுப்புக்குழியின் சுவரில் அங்கங்கே கருநீலப் பொட்டுகள். இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கும் வலி எவ்வளவு என்பதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது என்று எங்கள் கட்டுரையில் முதல் பத்தியில் எழுதியவளே நான்தான். எழுதும்போது அது ஒரு வாக்கியமாக மட்டும் இருந்தது.

பொட்டுகளை எடுத்துவிட்டார்கள். ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன். வலி போகவில்லை, குறைந்திருக்கிறது. வேலையில் ஒன்று மாறியது. எண்களோடு வரும் நோயாளி விவரங்களில் வயது, எடை, நோயின் நிலை எல்லாம் நிரம்பியிருக்கும். வலி என்ற இடம் பலருக்குக் காலியாக இருக்கும். காலி அதிகம் என்று அந்தப் பகுதியையே தூக்கிவிட்டு நிரலை ஓட்டுவது எங்கள் வழக்கம். இப்போது தூக்க விடுவதில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிக் கேட்கச் சொல்கிறேன். பேஜார் பிடித்தவள் என்று எங்கள் குழுவில் பெயர்.

சந்தவாசல் அக்காவும் நானும் அடிக்கடி பேசிக்கொள்வோம். பள்ளியில், சபையில், பஸ்ஸில் யார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் அவர் என் எண்ணைக் கொடுத்துவிடுகிறார். கூப்பிடுகிறவர்கள் "சந்தவாசல் டீச்சரம்மா சொன்னாங்க" என்று ஆரம்பித்து, குரலைத் தாழ்த்தி, யாரும் பக்கத்தில் இல்லையே என்று என்னையே கேட்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

போன வாரம் முள்ளிப்பட்டிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். வீட்டுத் தறியில் பட்டு நெய்கிறவர்.

"அந்த நாள்ல தறியில குந்திகினு நெய்ய முடியலங்க. இடுப்பு உட்டுப்பூடுது. ரொம்ப நேரம் குந்தறதாலதான் இது வந்துச்சா?"

நான் பார்த்த ஆயிரக்கணக்கான செல்களில் தறியில் உட்காருகிறவர் ஒருவருடையதும் இல்லை. "எனக்குத் தெரியலைங்க. அத யாரும் சரியாப் பாத்த மாதிரி தெரியல" என்றேன்.

"சரி, எப்ப போனா அந்த டாக்டரம்மாவப் பாக்கலாம்?" என்றார்.

காலையில் ஜல்தியாகப் போனால்தான் டோக்கன் கிடைக்கும் என்று சொன்னேன். வியாழக்கிழமை அவர் போனார். துணைக்குச் சந்தவாசல் அக்கா லீவு போட்டுவிட்டுப் போனார்.